பெஞ்சின் மறு ஓரம்

"அந்தப் பொம்பளையும் தெளிவாத் தெரியணும். அவளை மங்கலாக்கிடாதே."

மவுஸின் மேல் இருந்த டச்சப் அக்காவின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்டூடியோவில் அவளுக்கு அதுதான் பேர். முகத்தில் பருவை எடுப்பாள், தொப்பையைக் கரைப்பாள், கல்யாண போட்டோவில் கண்ணை மூடிக்கொண்ட மாமனாருக்குக் கண்ணைத் திறந்து வைப்பாள். படத்திலிருந்து யாரையாவது தூக்கிவிடச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். பிரிந்துபோன மருமகள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. இருக்கட்டும் என்று சொல்லி யாரும் வந்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. கணவர் போய் நாலு மாதம். அவருடைய ஆபீஸ் மேஜையைக் காலி செய்து அனுப்பிய அட்டைப்பெட்டியில், டைரிக்குள் இந்த போட்டோ இருந்ததாம். கூட வேலை பார்த்த யாரோ ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து பூங்காவை எடுத்தது. மரங்கள், நடைபாதை, ரோட்டில் நாலைந்து கார். நடுவில் ஒரு பெஞ்ச். அதன் ஒரு ஓரத்தில் அவர். மறு ஓரத்தில் ஒருத்தி.

"எடுத்தவருக்கே கீழே இருக்கிறது யார்னு தெரிஞ்சிருக்காது," என்றார் அந்த அம்மா. "எனக்குத் தெரிஞ்சுது. முப்பத்தஞ்சு வருஷம் துவைச்சுப் போட்ட சட்டையாச்சே."

டச்சப் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வீட்டு விவகாரம்.

முதலில் பெரிதாக்கித் தரச் சொல்லித்தான் கேட்டார். பெரிதாக்கினால் இரண்டு முகமும் புள்ளி புள்ளியாக உதிர்ந்தன. அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த ஒரு படம் அவர் கண்ணில் பட்டது. நிஜமான ஊரைப் பொம்மை ஊர் மாதிரி காட்டும் படம்.

"பெரிசாக்க முடியாட்டி, அதோ அது மாதிரி சின்னதாக்கிக் குடு."

அது சுலபம்தான். நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, மேலேயும் கீழேயும் போகப் போக மங்கலாக்க வேண்டும். நிறத்தைக் கொஞ்சம் தூக்க வேண்டும். கண் ஏமாந்துவிடும். மரமெல்லாம் பஞ்சுத் துண்டாகும், கார் தீப்பெட்டியாகும், மனுஷர்கள் மெழுகு பொம்மைகளாகிவிடுவார்கள்.

டச்சப் அக்கா பட்டையைப் பெஞ்சின் மேல் வைத்தாள். பாவம், வாய்தான் வீம்பு பேசுகிறது, வீட்டில் தினம் இதைப் பார்த்துப் பார்த்து இந்த அம்மா வெந்து சாக வேண்டுமா? சத்தமில்லாமல் பட்டையைக் கொஞ்சம் சாய்த்தாள். அவர் தெளிவாகவே இருந்தார். மறு ஓரத்தில் இருந்தவள் பனிமூட்டத்துக்குள் போனவள் மாதிரி கரைந்துபோனாள்.

"ஏம்மா, நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்றே?"

"இல்லைம்மா... பார்க்கிறப்ப எல்லாம் உங்களுக்குத்தானே கஷ்டம்."

"எனக்குன்னு யார் கேட்டா? இது அவகிட்டக் குடுக்கறதுக்கு. நேராக்கு."

பட்டை நேரானது.

"இவர் தவறினப்ப அவங்க வந்தாங்களா?" கேட்டிருக்கக் கூடாது. ஆனால் டச்சப் அக்காவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"வந்தா. கேட் வரைக்கும். கடைசியா ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கறேன்னா. முடியாதுன்னு நானே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். வண்டி கிளம்புற வரைக்கும் எதிர்வீட்டுச் சுவரோரமா நின்னுட்டிருந்தா."

குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. டச்சப் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். செத்தவர் முகத்தைக்கூடக் காட்டவில்லை. இப்போது தேடிப் போய், உன் வண்டவாளம் பார் என்று இந்தப் படத்தை மூஞ்சியில் விட்டெறியப் போகிறார். இவரோடு முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டிய மனுஷர் பெஞ்சைத் தேடிப் போனதில் என்ன அதிசயம்?

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை ஒட்டி வந்தார். நிறத்தைத் தூக்கியதில், பெஞ்சுக்கு அடியில் இரண்டு கறுப்புப் பொட்டுகள் எடுப்பாகத் தெரிந்தன.

"அது என்னது?"

"ஷூ மாதிரி இருக்கும்மா. கழட்டி வச்சுட்டு, காலை மடக்கிப் பெஞ்ச் மேலே உட்கார்ந்திருக்கார்."

அந்த அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"என்கூட எங்கே வந்தாலும் நாற்காலி நுனியிலதான் உட்காருவார். எழுந்து போகத் தயாரா இருக்கிற மாதிரி. காலை மடக்கி உட்காருவார்னே எனக்குத் தெரியாது." திரையில் இருந்த அந்தச் சின்ன மனுஷரை விரல் நுனியால் தொட்டார். திரையில் ரேகை பதிந்தது. "ஒரே ஒரு நாள் என் பக்கத்துல இப்படி உட்கார்ந்திருக்கலாம்."

டச்சப் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை காப்பிம்மா?"

"ஒண்ணு போதும்."

பிரின்ட் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஓர் ஊர். அதன் நடுவில் இரண்டே பேர்.

"கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. போனவர் போயாச்சு. இதைக் கொண்டுபோய்க் குடுத்து அவங்களை இன்னும் நோகடிக்கணுமா?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள் டச்சப் அக்கா. அவரோ படம் மடங்காமல் இருக்க ஓர் அட்டையைக் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்துக் கவருக்குள் பதமாக நுழைத்தார்.

"தாழ்ப்பாளைப் போட்டப்புறம் கம்பி வழியாக் கையை நீட்டி, அவர் போட்டோ ஒண்ணாவது குடுங்கன்னு அழுதாம்மா அவ. எங்க வீட்டுச் சுவர்ல ஏழு தொங்குது. அவகிட்ட ஒண்ணுகூட இல்லையாம்."