ஊதா மை

“ஊதா மை செல்லாது, பாய். கறுப்பு மையில எழுதிக் கொண்டாங்க.”

செவ்வாய்க்கிழமை குமாஸ்தா ரகுபதி பாரத்தை ஜன்னல் கம்பி வழியாகத் திருப்பித் தள்ளினார்.

அப்துல் கய்யூம் பாரத்தை எடுத்துக்கொண்டார். அதே ஆபீசில் முப்பது வருஷம் டவாலி மாட்டிய பியூன் அவர். ரிடையராகி ஆறு மாசம்தான் ஆகிறது.

ரிடையரானவர்கள் இரண்டில் ஒன்றைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பென்ஷனோடு மாதாமாதம் மருந்துப்படி; இல்லையென்றால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை தாண்டினால் இரண்டும் இல்லை.

இலவச வைத்தியம் பென்ஷன்காரருக்கு மட்டும். பெண்டாட்டிக்குக் கிடையாது. கய்யூமுக்கு ஒரு நோயும் இல்லை. கட்டி இருப்பது ஹமீதுன்னிசாவின் வயிற்றில். சீக்கிரம் அறுக்காவிட்டால் ஆபத்து என்று லஸ்ஸில் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் சொல்லிவிட்டார்.

“படி வரப்போகுதுன்னு காகிதத்தைக் காட்டுங்க, பாய். ஆபரேஷன் பண்ணிடறேன். பணத்தை மாசாமாசம் கொடுங்க” என்று இரக்கப்பட்டவரும் அவர்தான்.

ஆகவே கய்யூம் மருந்துப்படி கேட்டு எழுதினார். மைதான் ஊதாவாகப் போய்விட்டது.

புதன்கிழமை கறுப்பு மையில் எழுதிக்கொண்டு போனார்.

“கையெழுத்து கோட்டைத் தாண்டுது, பாய். வேற பாரம்.”

வியாழக்கிழமை கோட்டுக்கு மேல் எறும்பு ஊர்வதுபோல் போட்டுக்கொண்டு போனார்.

“சாட்சி யாரு?”

“நாகராஜ், சார். நம்ம ஆபீஸ்ல பியூனா இருந்தவர்தானே!”

“ரிடையரானவர் சாட்சி செல்லாது.”

வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த நாகராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னா பாய், முப்பது வருசம் இங்க குப்பை கொட்டிக்கினு இருந்தே, இது தெரியலையா? அவனுக்குக் கை அரிக்குது. எதுனா வச்சாத்தான் பாரம் உள்ள போவும்.”

வீட்டில் ரேஷன் சர்க்கரை அரை வீசை இருந்தது. ஹமீதுன்னிசாவே பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கட்டும்போது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“குடுத்துடுங்க. கஞ்சிக்கு உப்பு போட்டுக் குடிச்சா இறங்காதா?”

வெள்ளிக்கிழமை, வேலையில் இருக்கிற பியூன் ஒருவரின் சாட்சியோடு, காலையிலேயே ஜன்னலில் நின்றார் கய்யூம். ரகுபதி பொட்டலத்தைப் பார்த்தார். அதைத் திருப்பித் தள்ளினார்.

“கம்மின்னு நெனச்சிக்கினான்பா” என்று பக்கத்தில் நின்ற நாகராஜ் காதில் முணுமுணுத்தார்.

“உக்காருங்க, கூப்பிடறேன்” என்றார் ரகுபதி.

கூப்பிடவில்லை. ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால்? கய்யூம் போகவில்லை.

நாலு மணிக்கு துரைராஜ் ஆடி அசைந்து வந்தார். அவரும் ரிடையரான பியூன். சம்சாரம் போய்ப் பத்து வருஷம். பிள்ளை குட்டி இல்லை.

“பேனா குடு பாய், எழுதிக் கடாசிட்டுப் போறேன்.”

கய்யூம் சட்டைப்பையிலிருந்த ஊதா மைப் பேனாவைக் கொடுத்தார். துரைராஜ் மருந்துப்படி கேட்டு எழுதினார். கையெழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது.

ரகுபதி வாங்கினார். முத்திரை குத்தினார். “போய்ட்டு வாங்க.”

கய்யூம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “சார், எனக்கு?”

“இருங்க பாய்.”

மணி ஐந்து அடித்தது. ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது.

அன்றிரவு கய்யூம் சாப்பிடவில்லை. “எழுதி வாங்கிக்கினாங்களா?” என்று ஹமீதுன்னிசா கேட்டதற்கு, “ஆச்சு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சனிக்கிழமை காலையிலேயே போய் ஜன்னலை உலுக்கினார். பாரம் கொடுக்கப் போகவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரப் போனார்.

“நான் கொண்ணாந்து குடுத்த தண்ணியக் குடிச்சவன்தானேய்யா நீ! என் பொஞ்சாதி உசுரு உனக்கு விளையாட்டா? உனக்குப் பெண்டாட்டி இல்லையா?”

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரகுபதி தலை நிமிரவில்லை. ஒரு காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினார்.

“புது உத்தரவு. பெரிய துரை இப்பத்தான் கையெழுத்துப் போட்டார். இன்னையிலேர்ந்து பென்ஷன்காரர் சம்சாரத்துக்கும் ஆஸ்பத்திரி இலவசம். ஆபரேஷன் உள்பட. தேதி தவறினவங்களும் எழுதலாம்.”

“அப்ப... படி வாங்கினவங்க?”

“ஏற்கெனவே படி கேட்டு எழுதிக் கொடுத்தவங்களுக்கு இது கிடையாது.”

கய்யூமுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் காகிதம் சுமந்தவர். எந்த உத்தரவிலும் இடது கீழ் மூலையில், அதை டைப் அடித்தவரின் இனிஷியல் இரண்டு எழுத்தும் அடித்த தேதியும் இருக்கும். கண் தானாக அங்கே போயிற்று.

பார்த்துப் பழகிய எழுத்து; ரகுபதியுடையது. தேதி இருபத்தேழு. இந்த வாரத் திங்கட்கிழமை.

கையெழுத்தாகாத உத்தரவைப் பற்றி வெளியே மூச்சு விட்டவனுக்கு அன்றோடு வேலை போகும். அது அந்த ஆபீசில் பியூனுக்கும் தெரியும்.

கய்யூம் நிமிர்ந்து பார்த்தார். ரகுபதி புதுப் பாரத்தைத் தேடுவதுபோல் மேஜை இழுப்பறைக்குள் குனிந்துகொண்டிருந்தார்.

பாரம் வந்தது. கய்யூம் சட்டைப்பையைத் தடவினார். இருந்தது அந்த ஊதா மைப் பேனா ஒன்றுதான்.

“சார்... ஓடிப்போய்க் கறுப்பு மை வாங்கியாந்துடட்டுமா?”

“எந்த மையா இருந்தா என்ன, பாய்! சீக்கிரம் போடுங்க. அவங்களை அட்மிட் பண்ண வேணாமா?”