எளிய மனுசி

"நீங்கள் எளிய ஆக்கள், டீச்சர். அதுதான் எனக்கு உங்களில சரியான விருப்பம்" என்று பொன்விளிம்புக் கோப்பையில் தேநீரை நீட்டினாள் சத்தியபாமா.

"ரொம்ப நன்றிங்கம்மா." ஜெயலெட்சுமி முகம் மலர வாங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த அவள் தோழி லீலாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். யாழ்ப்பாணத்து வாயில் 'எளிய' என்றால் ஈனம் என்று அர்த்தம். நாய், பேய்க்கு முன்னால் போட்டுத் திட்டுகிற சொல்.

சத்தியபாமா யாழ்ப்பாணத்துக்காரி, டாக்டரின் மனைவி, மலைநாட்டுப் பதுளையில் மாதர் சங்கத் தலைவி. ஜெயலெட்சுமி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டக் கங்காணியின் மகள், இப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சங்கத்தில் சேர்ந்தால்தான் அதன் விடுதியில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு இடம் கேட்க முடியும் என்று வந்திருந்தாள்.

"ஊரிலயிருந்து வந்த புழுக்கொடியல். பல்லுக் கவனம்." அவித்துக் காயவைத்த பனங்கிழங்குத் தட்டைத் தள்ளினாள் சத்தியபாமா. தோட்டத்துக்காரி முழிப்பதைப் பார்க்க அவளுக்கு ஆசை.

ஜெயலெட்சுமி ஒரு துண்டை முறித்து, நடு நாரை உரித்துப் போட்டுவிட்டு, தட்டோரத்தில் இருந்த தேங்காய்ச் சொட்டுத் துண்டோடு சேர்த்துக் கடித்தாள்.

"சங்கத்துல சேர்ற விசயமா..."

"உங்களுக்கேன் பிள்ளை அந்தக் கரைச்சல்? அங்க எல்லாரும் இங்கிலீசில கதைப்பினம், நீங்கள் கூச்சப்படுவியள். அதோட, தோட்டத்துப் பெட்டையள் எல்லாம் படிக்க வந்தா, எங்கட தேத்தண்ணிக்கு ஆர் கொழுந்து எடுக்கிறது?"

சத்தியபாமாவும் லீலாதேவியும் சிரித்தார்கள். பெரிய மனிதர் வீட்டு மரியாதை இதுதான். செருப்பைக்கூடப் பட்டுத் துணியில் சுற்றித்தான் வீசுவார்கள்.

ஜெயலெட்சுமி எழுந்து கைகூப்பினாள். "அம்மா மாதிரி எளிய மனுசிய இந்தப் பதுளையிலேயே நான் பார்த்ததில்லைங்க."

லீலாதேவிக்குப் புரையேறியது. சத்தியபாமாவின் முகம் செத்துப்போயிற்று. கோபப்பட்டால், தான் முதலில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பி வழியனுப்பினாள்.

ஜெயலெட்சுமி வாசலைத் தாண்டியதும், "கோவிக்காதேங்கோ அக்கா" என்றாள் லீலாதேவி. "எங்கட பேச்சு அதுக்கு எங்க விளங்கும்? புகழுறன் எண்டு நினைச்சுச் சொல்லிப்போட்டுது, பாவம்."

சத்தியபாமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

படியில் குடையை விரித்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"யாழ்ப்பாணத்தில போர்டிங்கில இருந்து படிச்சனான், அக்கா. விளங்கித்தான் சொன்னனான்."