கரடி மணி

தன் வாசனை பட்டாலே உலகத்துக் கரடிகள் எல்லாம் ஓடிவிடும் என்று குவபாரா அலுவலகத்தில் அறிவித்தார். சனிக்கிழமை மலைப்பள்ளத்தாக்கு நடைக்காக மேசைமேல் வரைபடம் விரிந்திருந்தது. உடன் வரப்போகும் மிசுயே, கரடியை விலக்கும் சிறு மணியொன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மணி கட்டிக்கிட்டு நடக்க நான் என்ன மாடா?"

"பைல மாட்டினாப் போதும் சார்."

"கடையில போட்ட அட்டைகூடப் பிரிக்கலையே. பயந்துபோய் நேத்துதான் வாங்கினியா?"

"நாலு வருஷமாச்சு சார். என் வீட்டுக்காரருக்கு வாங்கினது. அவரும் 'நான் என்ன மாடா'ன்னுதான் கேட்டார். அவருக்குத் தெரியாம பைக்குள்ள வச்சு அனுப்பினேன். அதே பள்ளத்தாக்குலேருந்து பை மட்டும்தான் திரும்பி வந்துச்சு."

குவபாரா சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை.

மதியம் தோள்பையோடு அவர் சாப்பிட எழுந்து போனபோது, அலுவலகம் முழுக்கக் கிணிகிணியென்று சத்தம் கேட்டது.