அலமாரியின் சொந்தக்காரர்கள்

கப்பலில் வந்த ஸ்பெயின் நாட்டுக் கிளி ஒன்று மழையில் தொப்பலாக நனைந்து ஒரு வீட்டுக்குள் புகுந்து, அலமாரி மேல் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் நனைந்தால் செத்துவிடும், அவ்வளவுதான். அலமாரிக்கு அதெல்லாம் கவலை இல்லை. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது.

"எறங்குடா. வெளியூர்க்காரனுக்கெல்லாம் இங்க இடமில்ல. மழைக்கே போ."

கிளி தொப்பென்று மேஜையில் விழுந்தது. "மன்னிச்சுக்கோ, மேசா," என்றது.

மேஜைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் பேரு உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"எங்க ஊர்லயும் உன் பேரு அதுதான். ரோமாபுரியில லத்தீன் பேசுனவங்க மென்சான்னாங்க. நாங்க மேசான்னோம். எங்க பக்கத்து நாட்டுப் போர்ச்சுகீசியரும் அப்படித்தான் சொன்னாங்க. அவங்கதான் உன் பேரைக் கப்பலேத்தி இங்க கொண்டுவந்தாங்க."

அலமாரி கெக்கெக்கென்று சிரித்தது. "பாத்தியா மேஜை, நீயும் வெளியூர்தான்!"

"உன் பேரு எங்க ஊர்ல 'அர்மாரியோ'," என்றது கிளி அலமாரியிடம். "லத்தீன்ல ஆயுதத்துக்கு அர்மான்னு பேரு. அதை வைக்கிற பெட்டிதான் நீ. இங்கிலீஷ்காரன் ராணுவத்தை ஆர்மிங்கிறானே, அந்தச் சொல்லும் உனக்குச் சொந்தம்தான்."

அலமாரியின் சிரிப்பு நின்றது. வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டது. நாலு துண்டும் ஒரு அப்பளக் கட்டும்தான் இருந்தன. இவ்வளவு பெரிய உலகத்தைப் பேரில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் இந்த மூலையில் சும்மா நின்றிருக்கிறது.



பூட்டில் தொங்கியதைக் காட்டி அலமாரி மெல்லக் கேட்டது. "அப்போ இந்தச் சாவி?"

"அதுவும் அதே கப்பல்ல வந்த பேருதான்," என்றது கிளி, நடுங்கிக்கொண்டே.

சாவி தானாகத் திரும்பியது. கதவு திறந்தது.

"உள்ள வாய்யா," என்றது அலமாரி. "துண்டு இருக்கு."