கேமரா வேண்டாம்

"கேமராவை ஆன் பண்ணுங்கம்மா. சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு" என்றார் டீம் லீடர்.

அலுவலகக் கூட்ட அறையில் அவரும் ஹெச்.ஆர். பெண்ணும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து, பெரிய திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக. சாஃப்ட்வேரைச் சோதிக்க ஏஜென்சி மூலம் வந்த டெஸ்டர் பெண்ணின் கட்டம் மட்டும் எப்போதும் கறுப்பு.

"விடுங்களேன், பாவம். அவங்க வீட்டுல நெட் ரொம்ப டல். கேமரா போட்டா கட் ஆயிடும்" என்று தன் கட்டத்திலிருந்து பரிந்து பேசினார் புதிதாகச் சேர்ந்திருந்த மேனேஜர். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர்.

"நெட் நல்லாத்தான் இருக்கு" என்றாள் டெஸ்டர். கட்டம் வெளிச்சமானது.

இடது கண் வீங்கி மூடியிருந்தது. கிழிந்த உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எனக்கு இன்னொரு கால் வருது, நீங்க பேசிட்டிருங்க" என்று பஞ்சு நழுவிக்கொண்டார்.

"யாரும்மா அடிச்சது?"

ஹெச்.ஆர். பெண் கேட்டு வாய் மூடவில்லை, டெஸ்டரின் பின்னால் கதவு படாரென்று திறந்தது. ஒரு கை அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நாற்காலியோடு சாய்த்தது. லேப்டாப் உருண்டு விழ, திரையில் வெறும் கூரை.

அதன்பின் சத்தம் மட்டும்தான். அறை, உதை, தலை சுவரில் மோதும் ஓசை. "ஐயோ, கொல்றாரே!" என்ற அலறல். அடித்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹெச்.ஆர். பெண் போலீசை அழைத்து முகவரியைச் சொன்னாள். "கிளம்பிட்டாங்களாம்!"

அதுவரை தாங்குவாளா? பஞ்சுவின் வீடும் அந்தப் பக்கம்தான் என்பது டீம் லீடருக்கு நினைவு வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு, திரும்பத் திரும்ப அழைத்தார்.

ஒருவழியாகப் பஞ்சு எடுத்தார். மூச்சு வாங்கியது.

"சார், டெஸ்டர் பொண்ணை எவனோ போட்டு அடிக்கறான்! உங்க ஏரியாதானே, கொஞ்சம் ஓடிப்போய்ப் பாருங்க!"

"அடடா... நான் ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கறேனே. புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும். நமக்கு எதுக்கு வம்பு? போலீஸ் கீலீஸ்னு போயிடாதீங்க."

டீம் லீடர் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"சார், நீங்க பேசறது அந்தப் பொண்ணோட மைக் வழியாவும் இங்க கேக்குது."