பதினோராவது ஆளின் கறி

“எவனோ ஒரு திருட்டுப்பய என் கறியில கை வெச்சிருக்கான்! யார்யா அவன்? தைரியம் இருந்தா முன்னாடி வரட்டும்!”

இரும்புக்கடை முதலாளி டிபன் பாக்ஸைத் திறந்து, பாதி மென்று கைவிடப்பட்ட ஒரு துண்டு ஆட்டுக்கறியைத் தராசுத் தட்டில் ‘டொப்’பென்று வைத்தார்.

ஞாயிறு சாயங்காலம். கறிக்கடை வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அத்தனை கழுத்தும் எட்டிப் பார்த்தது.

“காலையில நானே வந்து, நானே பொறுக்கி, என் கண் முன்னாடி வெட்டி வாங்கிட்டுப் போனேன். உள்ளூர் ஆடுன்னுதானேய்யா குடுத்தே? வாயில போட்டா டயரை மெல்லுற மாதிரி இருக்கு. கப்பல்ல வந்த ஐஸ் கறியை எவனோ கலந்துட்டான்!”

ஆணியோ அரிசியோ, பேரம் பேசாமல் எதையும் வாங்காத மனிதர் அவர். வெளிநாட்டுச் சரக்கை வாசற்படி ஏற விடமாட்டார். மூன்று மாதமாக, இந்தக் கடையிலிருந்து மருமகள் வாங்கிப் போய்ச் சமைக்கிற கறியைச் சாப்பிட்டுவிட்டு, தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்தி வைத்துப் பெருமையடித்தார். “நம்ம மண்ணுல மேஞ்ச ஆடுய்யா! பஞ்சு! வாயில வெச்சா கரையுது!”

இன்றைக்கு மருமகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. மகன் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, கறி வாங்க இவரே வந்தார். மோசம் போனார்.

கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

“என்னய்யா, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுறே? பதினோரு உருப்படி இருக்கிற வீடு என்னுது. நான் ஒருத்தன் கையை விட்டா உன் கடை ஆடிப்போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும் அண்ணே.”

“அப்பச் சொல்லு. எவன் கலந்தான்?”

கடைக்காரர் துண்டில் கையைத் துடைத்தார்.

“நான்தான் அண்ணே.”

அவ்வளவுதான். வரிசை பொங்கிவிட்டது.

முன்னால் நின்ற டீச்சர் கையிலிருந்த பொட்டலத்தைத் திருப்பி வைத்தார். “சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு, உள்ளூர்க் கறியாக் குடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! என் காசைக் குடுங்க.”

“நான் ஒண்டிக்கட்டை. ஆடு எந்த ஊர்ல மேஞ்சா எனக்கென்ன?” என்றார் லாரி டிரைவர். “ஆனா பொய் சொல்றவன்கிட்ட வாங்க மாட்டேன்.”

வரிசை வால் பக்கத்திலிருந்து கரைய ஆரம்பித்தது.

முதலாளிக்கு ஜெயித்த தெம்பு. ஜெயித்தால் அவருக்குப் பசிக்கும். பசித்தது.

அந்த நேரம் பார்த்து, வீட்டில் விஷயத்தைக் கேட்ட மருமகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. தராசைப் பார்த்தாள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தாள். மாமனாரின் சட்டைக் கையைப் பிடித்து ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“மாமா, அவர் பொய் சொல்றார். இன்னிக்கு நீங்க வாங்கினதுதான் சுத்தமான உள்ளூர்க் கறி.”

“இதுவா? அப்ப மூணு மாசமா நான் தின்னது?”

“கப்பல்ல வந்தது.”

முதலாளி ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதற்குள் என்ன இருக்கிறது என்று ஞாபகம் வந்து கையை எடுத்தார்.

“வீட்ல பத்துப் பேருக்கு உள்ளூர்க் கறிதான் மாமா. உங்களுக்கு மட்டும் பூ மாதிரி வேகுறதாப் பார்த்து வாங்கி, தனிச் சட்டியில வெச்சேன். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்.”

“எனக்கு மட்டும் எதுக்குடியம்மா தனிச் சட்டி?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்க பல்லு... செட்டுன்னு தெரியும் மாமா.”

“யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும்.”

“சின்னவனுக்குமா?”

“அவன்தான் முதல்ல பார்த்தான். ‘டம்ளருக்குள்ள தாத்தா சிரிக்கிறாரு’ன்னு அலறிக்கிட்டு ஓடி வந்தான்.”

முதலாளி திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் டீச்சருக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கக் கல்லாவைத் திறந்துகொண்டிருந்தார். கண் முன்னாலேயே வாடிக்கை வெளியேறுவது எப்படி வலிக்கும் என்று முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பு விற்கிறவருக்கும் அது வலிக்கும்.

“மாமா, பல்லு விஷயம் வெளிய வராம நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்...”

“சும்மா இரும்மா. மூணு மாசம் நீ சமாளிச்சது போதும்.”

தராசுக்கு முன்னால் போய் நின்றார்.

“நில்லுங்கய்யா எல்லாரும்! டீச்சரம்மா, பொட்டலத்தை எடுங்க! இது அசல் உள்ளூர்க் கறி. இந்த ஆளு ஒரு நாளும் கலந்ததில்ல!”

“அப்ப டயரு?” என்றார் லாரி டிரைவர்.

முதலாளி வாய்க்குள் கையை விட்டார். மேல் செட்டைக் கழற்றினார். கீழ் செட்டைக் கழற்றினார். இரண்டையும் தராசுத் தட்டில், கறித்துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முள் லேசாக ஆடி நின்றது.

லாரி டிரைவர் தட்டைக் குனிந்து பார்த்தார்.

அவர் பேசியதில் பாதி வெறும் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் கடைசியில் நின்ற ஆள் வரைக்கும் புரிந்தது.

“உள்ளூர்ல செஞ்சது ஆகாது, வெளிநாட்டுச் சரக்குதான் ஒசத்தின்னு நானே கேட்டு வாங்கிப் போட்ட பல்லுய்யா இது! செஞ்சவன் எவனோ, எந்தக் கடல் தாண்டி இருக்கானோ, அவனை வரச் சொல்லுங்க! வந்து, நம்ம ஊர் ஆட்டைக் கடிக்கிற மாதிரி சரி பண்ணிக் குடுத்துட்டுப் போகட்டும்!”