இரண்டும் ஒத்துப்போன நாள்

தன் நாத்தனார் நீட்டிய சிறுநீர் டப்பாவை லேப்காரி வாங்கியபோது, பெஞ்சில் இருந்த நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

லேப்காரியின் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது தெருவுக்கே தெரியும். தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக அவன் அக்கா ஊர்கூட்டிச் சொன்னதும் தெரியும். இரண்டு முறை தள்ளிப்போட்டு, இன்று வருகிறேன் என்று நாள் குறித்தவளும் அவள்தான்.

சிறுநீரில் ரத்த அணு இருந்தால் அவளிடம் எடுக்க மாட்டார்கள். வேறு ஆளும் இல்லை.

புது மெஷின் வந்ததிலிருந்து எல்லாச் சாம்பிளையும் இரண்டு தடவை பார்க்கிறார்கள். முதலில் மெஷின், பிறகு மைக்ரோஸ்கோப்பில் லேப்காரி. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான். மெஷினும் இவளும் முட்டிக்கொள்வதுபோலப் பங்காளிகள்கூட முட்டிக்கொள்ள மாட்டார்கள். ஈஸ்ட் கிருமியைப் பார்த்து ரத்த அணு என்று மெஷின் சாதிக்கும். இவள் இல்லை என்பாள்.

மெஷின் சீட்டைத் துப்பியது. ரத்த அணு, ஏராளம்.

"அது கெடக்கட்டும். நீ பாத்துச் சொன்னாத்தான் நான் நம்புவேன்," என்றாள் நாத்தனார்.

லேப்காரி ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் குனிந்தாள். நிமிர்ந்து, அசிட்டிக் அமிலம் ஒரு துளி சேர்த்தாள். ரத்த அணுவென்றால் கரைந்துபோகும், ஈஸ்ட் என்றால் அசையாமல் நிற்கும். அவள் மெஷினைத் திட்டித் திட்டியே பெஞ்சுக்கு இந்தப் பாடம் மனப்பாடம்.

மறுபடி குனிந்தாள். நிமிரவேயில்லை. தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

"கரைஞ்சிடுச்சு, அண்ணி."

நாத்தனார் அழுதாள். நன்றாகவே அழுதாள். இருவர் எழுந்து தாங்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தது.

லேப்காரி அழவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினாள்.

அடுத்தது என் முறை. டப்பாவை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"பீரியட்ஸ் நாளா?"

எனக்கு அது நின்று எத்தனையோ காலம். ஆனாலும் எந்தப் பெண்ணையும் அவள் இதைக் கேட்காமல் விட்டதில்லை. அந்த நாளில் கொடுத்தால் அந்த ரத்தமும் கலந்துவிடும். மெஷினும் ஏமாறும், கண்ணும் ஏமாறும். நாலு நாள் கழித்து வாங்க என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

காலையில் மருந்துக்கடையில் நாத்தனாருக்குப் பின்னால் நின்றவள் நான். அவள் வாங்கிய நாப்கின் பொட்டலம், மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த பையிலிருந்து அவள் கிளம்பும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அவளை மட்டும் லேப்காரி இதைக் கேட்கவில்லை.

"இல்லம்மா," என்றேன்.

குறித்துக்கொண்டாள்.